98.82க்குப் பிறகு

2025 மே 8 அன்று காலை, எங்கள் சொந்தக்கார வாட்ஸாப் குழுவில் முதலில் விழுந்தது ஒரு பட்டாசு ஸ்டிக்கர். அதன் கீழே செய்தி: பிளஸ் டூ தேர்ச்சியில் அரியலூர் மாவட்டம் மாநிலத்திலேயே முதலிடம், 98.82 சதவீதம். மாநிலத்தின் மொத்தத் தேர்ச்சி 95.03. பெரியப்பாக்கள், சித்திகள், துபாயில் இருக்கும் மச்சான் என்று ஒருவர் விடாமல் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். சென்னையில், அலுவலகத்தில், காலை மீட்டிங்கின் நடுவில், மேசைக்குக் கீழே போனை வைத்துக்கொண்டு.

பத்து நிமிடத்தில் அக்கா மகள் கூப்பிட்டாள். அந்த 98.82க்குள் அவளும் இருந்தாள்.

"மாமா, 521."

"சூப்பர்ம்மா!"

"மாவட்டம் ஃபர்ஸ்ட்டாம் மாமா."

"பாத்தேன், பாத்தேன்."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். "சரி, நான் அடுத்து என்ன மாமா பண்றது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் அந்த நேரம் இனிப்பு கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ஊர் குன்னம் பக்கம், பெரம்பலூர் மாவட்டம். அக்காவைக் கட்டிக்கொடுத்தது செந்துறை பக்கம், அரியலூர் மாவட்டம். எங்கள் பகுதி மாவட்டங்களைப் பற்றி ஒரு சின்னக் கிளைக்கதை சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தபோது இரண்டு ஊருமே திருச்சி மாவட்டம். 1995இல் பெரம்பலூர் பிரிந்தது. 2001இல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002இல் திரும்பச் சேர்த்தார்கள். 2007இல் திரும்பப் பிரித்தார்கள். அக்கா வீட்டுக்காரர்கள் ஊரைவிட்டு நகராமலேயே மாவட்டம் மாவட்டமாகக் குடிபெயர்ந்தவர்கள். ஆகவே "எங்கள் மாவட்டம் முதலிடம்" என்று மார்தட்டும்போது எந்த மாவட்டம் என்று ஒருமுறை யோசித்துக்கொள்வது எங்களுக்குப் பழக்கம். சமீப காலமாக அந்தக் கவலையும் இல்லை, இரண்டும் மாறி மாறி முதலிடம் வருகின்றன. 2022 பிளஸ் டூவில் பெரம்பலூர், 97.95. 2023 பத்தாம் வகுப்பில் பெரம்பலூர், 97.67. 2024 பத்தாம் வகுப்பில் அரியலூர், 97.31. இப்போது இது.

இந்தச் சாதனையைக் கிண்டல் செய்ய நான் இதை எழுதவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 சதவீதம். பெரம்பலூர் 74.32, அரியலூர் 71.34. அதாவது இன்று தேர்ச்சி பெறும் பிள்ளைகளின் அப்பா அம்மாக்களில் பலர் மார்க் ஷீட்டைக் கையில் வாங்கி, பிள்ளையிடமே திருப்பிக் கொடுத்து, "படிச்சிச் சொல்லு" என்று கேட்டவர்கள். அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகளை நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பேர் கரையேற்றிய வாத்தியார்களைக் கையெடுத்துக் கும்பிடத்தான் வேண்டும். சாயங்காலம் ஆறரை மணிவரை ஸ்பெஷல் கிளாஸ் எடுத்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடிய டீச்சர்களை நான் பார்த்து வளர்ந்தேன்.

ஆனால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு அரசு என்ன செய்கிறது என்பது வேறு கதை.

2017 மே மாதம் தமிழக அரசு ஒரு நல்ல முடிவை எடுத்தது. பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று மாணவர்களைத் தரவரிசைப்படுத்தி அறிவிப்பது அந்த ஆண்டோடு நின்றது. பிள்ளைகளுக்கு மன உளைச்சல், பள்ளிகளுக்கு விளம்பர வெறி என்று சொன்ன காரணங்கள் எல்லாமே நியாயம். ஆனால் மாவட்டங்களின் தரவரிசை மட்டும் அப்படியே நின்றுகொண்டது. ஒரு பிள்ளைக்குக் கெடுதல் என்று தெரிந்து எடுத்த விஷயம் ஒரு மாவட்டத்துக்கு மட்டும் எப்படி நல்லதாயிற்று? இந்தக் கேள்வியை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ரேங்க் போனதும் அந்த வெறி எங்கேயும் போய்விடவில்லை. தலைமையாசிரியர் தலைக்கும், முதன்மைக் கல்வி அலுவலர் தலைக்கும், ஆட்சியர் தலைக்கும் ஏறிக்கொண்டது. கடைசியில் அது இறங்குவது யார் தலையில் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த எண் எப்படித் தயாராகிறது என்பது அரசுப் பள்ளியில் படித்த எல்லோருக்கும் தெரியும். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும். தேறிவிடுவோர் ஒரு பக்கம், 'மெல்லக் கற்போர்' இன்னொரு பக்கம். மெல்லக் கற்போருக்கு ஒரு சிறிய கையேடு, வேதியியலில் எந்தப் பாடத்தின் எந்த ஐந்து மார்க் வினாக்களைப் படித்தால் 35 வரும் என்ற கணக்கு. அந்தக் கையேட்டைத் தாண்டி ஒரு வரி படிக்காமல் பிளஸ் டூ முடித்தவர்களை எனக்குத் தெரியும். நான் பார்த்த ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பிலேயே "இவன் தேறமாட்டான்" என்று தோன்றியவனின் அப்பாவை வரச்சொல்லி, நயமாகப் பேசி, டி.சி.யைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அவன் அடுத்த வருடத்துத் தேர்ச்சிக் கணக்கில் தோற்கவில்லை. கணக்கிலேயே இல்லை.

என் தொழிலில் இது தினமும் நடப்பது. மென்பொருள் எழுதுகிறவர்கள் அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கச் சின்னச் சின்னச் சோதனைகளையும் எழுதி வைப்போம். எல்லாச் சோதனையும் தேறினால் திரையில் பச்சை விளக்கு. மேலாளருக்குப் பச்சை பிடிக்கும். பச்சைக்குத்தான் போனஸ் என்று ஆகிவிட்டால், அடுத்த மாதமே சோதனைகள் சுலபமாகிவிடும், தேறாத சோதனைகளை யாரோ சத்தமில்லாமல் நீக்கிவிடுவார்கள். விளக்கு பச்சையாகவே எரியும், வாடிக்கையாளர் அங்கே கத்திக்கொண்டிருப்பார். பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975லேயே இதை வட்டி விகிதங்களையும் பணப்புழக்கத்தையும் வைத்துச் சொல்லிவிட்டார். கல்வித் துறைக்கு இன்னும் சேதி போய்ச் சேரவில்லை.

இனி மற்றொரு தரவரிசை. தமிழ்நாடு மாநிலத் திட்டக் குழு 2017இல் வெளியிட்ட மனித மேம்பாட்டு அறிக்கையை எடுத்துப் பாருங்கள். அப்போதிருந்த 32 மாவட்டங்களில் முதலிடம் கன்னியாகுமரிக்கு. கடைசி இடம் அரியலூருக்கு. பெரம்பலூரும் அடிப்பக்கத்தில்தான். இந்தப் பட்டியலுக்கு யாரும் ஃப்ளெக்ஸ் வைக்கவில்லை.

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு யோசிக்க வேண்டும். படிப்பு வந்தால் வறுமை போகும் என்பது நம் எல்லோருக்கும் தாய்ப்பாலோடு ஊட்டப்பட்டது. எங்கள் பகுதியில் படிப்பு வந்துவிட்டது, முதலிடமே வந்துவிட்டது. வறுமை அசையவில்லை. ஏன்?

மண்ணில் ஒன்றும் இல்லாததாலா? அரியலூரின் அடியில் ஒருகாலத்துக் கடல் சுண்ணாம்புக்கல்லாகக் கிடக்கிறது. 1979இல் வந்த அரசு சிமென்ட் ஆலையில் தொடங்கித் தனியார் ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. தமிழ்நாட்டில் வீடு கட்டிய யாருடைய சுவரிலும் எங்கள் மண் கொஞ்சம் இருக்கும். ஜெயங்கொண்டம் பகுதியில் பழுப்பு நிலக்கரி இருக்கிறது என்று 1990களில் 13 கிராமங்களில் நிலம் எடுத்தார்கள். சுரங்கமும் வரவில்லை, மின்நிலையமும் வரவில்லை. கால் நூற்றாண்டு கழித்து நிலத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தார்கள். பெரம்பலூரில் எறையூர் பக்கம் சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று சுமார் 3,000 ஏக்கர் எடுத்தார்கள், அது பல வருடம் முள்ளுக்காடாகக் கிடந்தது. இந்த ஊர்களிலிருந்து கல், நிலம், பிள்ளைகள் என்று எல்லாமே வெளியே போகின்றன. போகிறவற்றில் பிள்ளைகளுக்கு மட்டும்தான் சான்றிதழ் கொடுத்து அனுப்புகிறார்கள்.

போனவர்களில் நானும் ஒருவன். என் கதையை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. கல்விக் கொள்கை என்பது தாளில் இருக்கும் சமாச்சாரம் இல்லை, ஒரே வீட்டில் இருவரை இரண்டு வர்க்கமாகப் பிரிக்கும் என்பதற்கு என்னிடம் இருக்கும் ஒரே நேரடிச் சாட்சியம் அதுதான்.

என் பெரியப்பா மகன், அண்ணன், என்னைவிட மூன்று வயது மூத்தவர். ஒரே அரசுப் பள்ளி, ஒரே கணக்கு வாத்தியார், ஏறக்குறைய ஒரே பெஞ்ச். அவர் 2004இல் பிளஸ் டூ முடித்தார். அப்போது பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் நுழைவுத் தேர்வு உண்டு. 1984இல் எம்.ஜி.ஆர். காலத்தில் கொண்டுவந்தது. பிளஸ் டூ மார்க்குக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, மொத்தம் 300க்குக் கட் ஆஃப். பிளஸ் டூவில் அண்ணன் என்னைவிட அரை மார்க் அதிகம். இன்றைக்கும் வீட்டுக்குப் போனால் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் நுழைவுத் தேர்வுக்குத் திருச்சியில் கோச்சிங் போக வேண்டும். ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் பத்து நாள் போனார். பதினோராம் நாள் அந்த வீட்டு அத்தையின் முகம் மாறியதைப் பார்த்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டார். நூற்றுக்கு நாற்பத்துச் சொச்சம் வந்தது. கவுன்சலிங்கில் கிடைத்த கல்லூரிக்குக் கட்டப் பணமில்லை.

2006இல் அனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரையை ஏற்று, சட்டமன்றம் நுழைவுத் தேர்வை ஒழித்துச் சட்டம் போட்டது. 2007இல் பிளஸ் டூ மார்க்கை மட்டும் வைத்துச் சேர்க்கை நடந்தது. அந்த முதல் செட் நான். அண்ணனைவிட அரை மார்க் குறைவாக எடுத்து, திருச்சி பக்கம் ஒரு நல்ல கல்லூரியில் இடம் வாங்கி, வங்கிக் கடன் போட்டுப் படித்தேன். இன்று நான் உட்கார்ந்து கோடு எழுதுகிறேன். அவர் சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டுகிறார். அவர் ஆறு மாதத்தில் சம்பாதிப்பதை நான் ஒரு மாதத்தில் சம்பாதிக்கிறேன். இருவருக்கும் நடுவே இருந்தது அறிவு வித்தியாசமோ உழைப்பு வித்தியாசமோ அல்ல, ஒரே ஒரு சட்டம்.

'தகுதி' என்ற சொல்லை யாராவது என்னிடம் உச்சரிக்கும்போது எனக்கு அந்த டிப்பரின் ஹாரன் கேட்கும்.

நுழைவுத் தேர்வு போனதும் பொற்காலம் பிறந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். பிளஸ் டூ மார்க் ஒன்றே எல்லாம் என்றானபோது, பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமல் இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே அரைத்த விடுதிப் பள்ளிகள் கொழுத்தன. மருத்துவ இடங்களை அவைதான் அள்ளின. நீட்டுக்கு முன்பும் அரசுப் பள்ளியிலிருந்து எம்.பி.பி.எஸ். போனவர்கள் ஆண்டுக்குச் சில பத்துப் பேர்தான். நீட் எதிர்ப்புக் கூட்டங்களில் இதைச் சொன்னால் நம்மவர்களுக்கே கோபம் வருகிறது. வரட்டும். பழைய வாசலும் குறுகல்தான். ஆனால் அந்த வாசல் நம் தெருவில் இருந்தது, தள்ளிப் பார்க்க முடிந்தது.

தள்ளிப் பார்த்தும் இருக்கிறார்கள். பெரம்பலூர் ஆட்சியராக தரேஸ் அகமது இருந்தபோது 'சூப்பர் 30' என்று ஒரு திட்டம் தொடங்கினார். அரசுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பில் நன்றாக எடுத்த பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, தங்க வைத்து, பிளஸ் டூவுக்குத் தனிக் கவனம் கொடுப்பது. அதில் படித்த பிள்ளைகள் மருத்துவத்துக்கும் அண்ணா பல்கலைக்கழகத்துக்கும் போனார்கள். விவசாயக் கூலிகளின் பிள்ளைகள். ஒரு மாவட்ட நிர்வாகம், உள்ளூர் வாத்தியார்கள், மாநிலப் பாடப்புத்தகம் என்று கையில் இருந்ததை வைத்தே அதைச் செய்ய முடிந்தது. முப்பது பேருக்குச் செய்தால் மற்றவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்ற கேள்வி எனக்கு அன்றும் உண்டு, இன்றும் உண்டு. ஆனாலும் அது ஊருக்குள் சாத்தியமாக இருந்தது என்பது முக்கியம்.

2017இல் வாசலைத் தூக்கி வேறு தெருவில் வைத்தார்கள்.

செந்துறைக்குப் பக்கத்துக் குழுமூரின் அனிதாவைப் பற்றி இதைப் படிக்கும் யாருக்கும் அறிமுகம் வேண்டாம். ஆனால் ஒவ்வொரு செப்டம்பர் 1க்கும் அவர் படத்தைப் பகிரும் நாம் அந்த எண்களை மறந்துவிட்டோம் என்று நினைக்கிறேன். சுமை தூக்கும் தொழிலாளியின் மகள். பிளஸ் டூவில் 1200க்கு 1176. இயற்பியலில் 200, கணக்கில் 200, வேதியியலில் 199, உயிரியலில் 194. மருத்துவக் கட் ஆஃப் 196.75. பழைய முறையில் இடம் கையில் இருந்தது. நீட்டில் 720க்கு 86. அந்தப் பெண் சும்மா இருக்கவில்லை, உச்ச நீதிமன்றம் வரை போய் வழக்கில் தன்னையும் சேர்த்துக்கொண்டார். ஒரு வருடம் விலக்கு கிடைக்கும், அவசரச் சட்டம் வருகிறது என்று டெல்லியும் சென்னையும் கோடை முழுக்க ஆசை காட்டின. ஆகஸ்ட் 22 அன்று, நீட் அடிப்படையில்தான் சேர்க்கை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. செப்டம்பர் 1 அன்று அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். 2020இலும் 2021இலும் இதே அரியலூர் மாவட்டத்திலிருந்து இன்னும் இரு நீட் மாணவர்கள்.

அன்று இரவு அண்ணன் போன் செய்தார். அவர் வழக்கமாகப் போன் செய்கிறவர் இல்லை. "அந்தப் புள்ளைக்கி என்னா ஆச்சின்னு எனக்குப் புரியிதுடா" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் இருவரும் பேசவில்லை.

என் அலுவலகத்தில் ஒரு நண்பர் உண்டு, நல்ல மனிதர், நன்றாகப் படித்தவர். அவர் கேட்டார்: "1176 எடுத்த பொண்ணு 86 எடுக்குதுன்னா, அந்த 1176தானே பாஸ் பிரச்சினை?" இது முட்டாள்தனமான கேள்வி இல்லை. ஊரில் பலர் வாய்க்குள் வைத்திருக்கும் கேள்விதான். பதில் இதுதான்: ஒரு மாநிலம் தன் பிள்ளையிடம் 'இந்தப் புத்தகத்தைப் படி, இந்தத் தேர்வை எழுது, இடம் தருகிறேன்' என்று பன்னிரண்டு வருடம் சொல்லியிருக்கிறது. பிள்ளை படித்தது. எழுதியது. கடைசி மாதம் வேறு புத்தகம், வேறு தேர்வு என்கிறார்கள். தேறாமல் போனது அனிதா இல்லை. அதன்பின் நடந்ததையும் அந்த நண்பரிடம் சொன்னேன். 2021இல் நீதிபதி ஏ.கே. ராஜன் குழு கொடுத்த அறிக்கைப்படி, 2016-17இல் மருத்துவம் சேர்ந்தவர்களில் முந்தைய ஆண்டுகளில் பிளஸ் டூ முடித்துவிட்டு மறுபடி முயன்றவர்கள் 12.47 சதவீதம். 2020-21இல் 71.42 சதவீதம். ஒரு வருடமோ இரண்டு வருடமோ வேலைக்குப் போகாமல், லட்சங்கள் கட்டி, கோச்சிங் வகுப்பில் உட்கார முடிந்த வீட்டுப் பிள்ளைகள்தான் இப்போது பெரும்பான்மை. நீட் அளப்பது மூளையை என்றால், அந்த மூளை எப்படி இரண்டாவது வருடம் பணம் கட்டியதும் வளர்கிறது? நண்பர் காபி குடிக்கப் போய்விட்டார்.

அந்த அறிக்கையை வைத்துச் சட்டமன்றம் மசோதா போட்டது, ஆளுநர் திருப்பி அனுப்பினார், மறுபடி போட்டார்கள், குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்தார். டெல்லியின் மேல் எனக்கிருக்கும் கோபத்தை விரித்து எழுதினால் அது உங்களுக்குப் பழகிய கட்டுரையாகிவிடும். நம் வீட்டுக்குள் இருப்பதைப் பேசுகிறேன்.

2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. நல்ல சட்டம். முதல் ஆண்டிலேயே முந்நூறுக்கும் அதிகமானோர் எம்.பி.பி.எஸ். சேர்ந்தார்கள். ஆனால் அதற்கு ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அனிதா பிளஸ் டூ படித்தது பெரம்பலூர் மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில். நல்ல மார்க் எடுக்கிற ஏழைப் பிள்ளைகளை அப்பள்ளிகள் சலுகையில் சேர்த்துக்கொள்ளும், மார்க்கை ஃப்ளெக்ஸில் போட்டுக்கொள்ளும், ஊர் வழக்கம் அது. ஆகவே அனிதா இன்று பரீட்சை எழுதியிருந்தால், அவர் சாவினால் எழுந்த கோபத்தில் பிறந்த அந்த ஒதுக்கீடே அவருக்குக் கிடைத்திருக்காது. 2022 ஜனவரியில் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது, 150 இடங்கள். அதன் அரங்கத்துக்கு அனிதா பெயர் வைத்தார்கள். அந்த அரங்கத்துக்குள் மாணவியாகப் போக நீட் எழுத வேண்டும். பெரம்பலூரில் அரசு மருத்துவக் கல்லூரியே இல்லை.

இன்னொரு பக்கம் வேலை. எறையூரில் இப்போது க்ராக்ஸ் காலணி தயாராகிறது. ஜெயங்கொண்டத்தில் 1,000 கோடி ரூபாயில் தைவான் நிறுவனத்தின் காலணித் தொழிற்சாலைக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள், 15,000 பேருக்கு வேலை என்றார்கள். நூறு நாள் வேலைக்கு அட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் பெண்களுக்கு மாதச் சம்பளமும் பி.எஃப்.பும் பெரிய விஷயம். செருப்புத் தைப்பதில் எந்தக் கேவலமும் இல்லை. எனக்கு வருத்தம் வேறு. ஒரு மாவட்டம் தொடர்ந்து முதல் மார்க் எடுத்துக் காட்டுகிறது, அதற்கு ஈடாக அரசு அந்த மாவட்டத்துக்கு யோசித்த மிகப் பெரிய விஷயம் பிளஸ் டூவே தேவைப்படாத ஒரு வேலை. தொழில்துறைக்காரர்களும் கல்வித்துறைக்காரர்களும் ஒரே கோட்டையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு டீக்கடைத் தூரம்கூட இருக்காது. இந்த இரண்டு பட்டியலையும் ஒரே மேசையில் யாரும் விரித்ததில்லை.

உயர்கல்விச் சேர்க்கையில் நாம்தான் முன்னோடி, 2021-22 அகில இந்தியக் கணக்கில் நாடு 28.4, தமிழ்நாடு 47 என்பார்கள். எனக்கும் பெருமைதான். புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் ஆயிரம் ரூபாய் எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் பஸ் காசு, நாப்கின், நெட் பேக். அதைக் 'இலவசம்' என்று சொல்கிறவர்களிடம் நான் பேசுவதில்லை. ஆனால் சேர்க்கையும் ஒரு வாசல் கணக்குதான். பத்தாம் வகுப்பு வாசல், பன்னிரண்டாம் வகுப்பு வாசல், கல்லூரி வாசல். எல்லா வாசலிலும் ஆள் நின்று எண்ணுகிறார்கள். வெளியே போனவர்கள் எங்கே போனார்கள் என்று எண்ண ஆளில்லை.

எண்ண முடியாது என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். இது என் தொழில். ஒன்றாம் வகுப்பிலேயே ஒவ்வொரு பிள்ளைக்கும் இ.எம்.ஐ.எஸ். எண் கொடுத்துவிடுகிறார்கள். அந்த எண்ணை நிரப்பி நிரப்பியே வாத்தியார்களின் கை தேய்கிறது. கல்லூரிப் பக்கம் யு.எம்.ஐ.எஸ். என்று இன்னொரு தளம், ஆயிரம் ரூபாய் அதன் வழியாகத்தான் போகிறது. இரண்டும் அரசின் கையில். 2020இல் அரியலூர் மாவட்டத்தில் பிளஸ் டூ தேறியவர்களில் இன்று எத்தனை பேர் பட்டம் முடித்தார்கள், எத்தனை பேர் நடுவில் நின்றார்கள் என்பதை இரண்டு அட்டவணையைச் சேர்த்து ஒரு பகலில் எடுத்துவிடலாம். என் குழுவில் புதிதாகச் சேர்ந்த பையன் சாப்பாட்டு வேளைக்குள் முடித்துவிடுவான். வேலைக்குப் போனவர்களைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் கூடுதலாக நடக்க வேண்டும், அவ்வளவுதான். பெயர் வேண்டாம், எண் போதும். தேர்ச்சி விகிதம் வெளியாகும் அதே நாளில், அதே மேடையில், ஐந்து வருடம் முன்பு தேறியவர்களின் கணக்கையும் மாவட்டவாரியாக வாசிக்கட்டும். சாதிவாரியாக, ஆண் பெண் வாரியாக வாசிக்கட்டும். அப்போது எந்த ஆட்சியர் இனிப்பு ஊட்டுகிறார் என்று பார்ப்போம்.

2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானது. பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை எடுத்துவிட்டார்கள். விடுதிப் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை விழுங்குகின்றன என்று 2017இல் கொண்டுவந்த தேர்வு அது. திரும்ப விழுங்குவார்கள். தேர்வை வைப்பதும் எடுப்பதுமே நமக்குக் கல்விக் கொள்கை என்றாகிவிட்டது, என் ஊரை மாவட்டம் மாற்றி மாற்றிப் போட்டதுபோல.

அக்கா மகளுக்கு மருத்துவ ஆசை கிடையாது. பிசிக்ஸ் பிடிக்கும். பக்கத்து அரசுக் கல்லூரியில் பி.எஸ்.சி. இயற்பியல் சேர்ந்தாள். போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது இதையெல்லாம் அவளிடம் புலம்பினேன். இ.எம்.ஐ.எஸ்., யு.எம்.ஐ.எஸ்., ஐந்து வருடக் கணக்கு, எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தவள் உள்ளே போய் ஒரு ரஃப் நோட்டை எடுத்து வந்தாள். அவளுடைய பிளஸ் டூ வகுப்பில் 38 பெண்கள். பரீட்சைக்காக ஆரம்பித்த வாட்ஸாப் குழு இன்னும் இருக்கிறது.

"இருங்க மாமா, நானே எடுக்கறேன்."

அன்று சாயங்காலம்வரை போனும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். இருட்டும்போது நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். கலைக் கல்லூரி 14. தனியார் நர்சிங், லேப் டெக்னீசியன் மாதிரி டிப்ளமோ 7. இன்ஜினியரிங் 3. செருப்புக் கம்பெனி 5. திருப்பூர் 2. வீட்டில் சும்மா 3. கல்யாணம் 2. எம்.பி.பி.எஸ். என்று ஒரு தலைப்பு எழுதி, எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தாள்.

கூட்டிப் பார்த்தேன். "36தான் வருது?"

"ரெண்டு பேரு நம்பர் சுவிட்ச் ஆஃப் மாமா. ஒருத்தி வீடு எனக்குத் தெரியும், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி. ஞாயித்துக்கெழம போயிப் பாத்துட்டு வந்துர்றேன்."